நானூற்று மூன்று காலைகள்

ஃபெர்கஸ் ஃபால்ஸ்
30 நவம்பர் 2024

லவானுக்கு,

'அன்புள்ள' என்று போடத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன்.

தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ என் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். "அக்கா, உன் லெஃப்சா ரொட்டிய ஒரு படம் எடுக்கலாம்னா போன்ல இடமே இல்லைங்குது. ஒரே மாதிரிப் படமா நானூறு கிடக்கு. சுத்தம் பண்ணிடட்டுமா?" என்றாய். "என்னவோ பண்ணு" என்றேன். தங்கச்சிதானே, குப்பையைத்தான் எடுப்பாள் என்று நம்பிய என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அது ஒரே மாதிரிப் படம் இல்லை லவான். உன் அத்தான் ஆர்வினுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபிறகு, தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் காபிக் கோப்பையைக் கொடுப்பேன். எதிரே நின்று "குட் மார்னிங், ஆர்வின்" என்பேன். என்னை அடையாளம் தெரிந்தால் கோப்பையிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டியவர். எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரல் தூக்குவாரே, அதே மாதிரி. நம் பக்கத்து ஆம்பளைகளுக்கு அதைவிடப் பெரிய பாசம் காட்டத் தெரியாது என்று உனக்கும் தெரியும். கிட்டத்தட்ட தினமும் தூக்கினார். சாயங்காலமானால் எனக்கே சந்தேகம் வந்துவிடும் என்றுதான் படம் எடுத்து வைத்தேன். ஆகஸ்டில் அவர் போகும்வரை நானூற்றுப் பன்னிரண்டு காலைகள்.

ஒன்பதை விட்டுவைத்திருக்கிறாய். ஒன்பதிலும் கை கோப்பைமேல் அப்படியே கிடக்கிறது. விரல் அசைந்தால் படம் கலங்கும். கலங்கியதையெல்லாம் கழித்துவிட்டுத் தெளிவானதை வைத்துக்கொண்டதாம், போனுக்குள் நீ ஓடவிட்ட உன் கெட்டிக்கார யந்திரம்! என்னை அவருக்குத் தெரியாத நாட்களைப் பொறுக்கி எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறது.

போன் பண்ணாதே. அதை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

மார்லிஸ்

&nbsp;

பிஸ்மார்க்
6 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போடுகிறேன். எனக்கு மரியாதை தெரியும்.

இரண்டு நாளாகப் போன் அடித்து விரல் தேய்ந்துவிட்டது. கடிதத்தை வாசித்து முதலில் அழுதேன். பிறகு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. செய்தது தப்பு, ஆயிரம் தரம் தப்பு. ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டேனே, அத்தான் எப்படி இருக்கார் என்று. "பேச்சு மட்டும்தான் இல்ல. மத்தபடி பரவால்ல, இதுக்கு மேலயும் மோசமா இருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உடனே பனி எத்தனை அங்குலம் என்று ஆரம்பித்துவிடுவாய். அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்தாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இப்போது என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய்.

ஜூன் மாதம் வந்தேனே, நினைவிருக்கிறதா? அத்தான் என்னைப் பார்த்த பார்வையில், என்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டு வீடுவரை அழுதபடியே வண்டி ஓட்டினேன். ஆறு மாதமாக, என்ன தப்புப் பண்ணினேன், என்ன தப்புப் பண்ணினேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பக்கத்திலேயே காபி ஊற்றிக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் அவர் அத்தான்தான்.

இப்போது கவனமாகக் கேள். நீக்கிய படங்கள் உடனே போய்விடாது. முப்பது நாள் போனிலேயே கிடக்கும். படங்களுக்குள் போய்க் கடைசிவரை கீழே இறங்கு. குப்பைத்தொட்டிப் படம் போட்டு 'சமீபத்தில் நீக்கியவை' என்று இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'மீட்டெடு' என்பதைத் தொடு. 28ஆம் தேதி தாண்டினால் ஆண்டவனே வந்தாலும் முடியாது. என்னைத் திட்டுவதற்கு முன்னால் அதைச் செய்.

உன் தங்கை
லவான்

&nbsp;

பிஸ்மார்க்
16 டிசம்பர் 2024

அக்கா,

பதில் இல்லை. போனும் செத்துக் கிடக்கிறது. கடிதத்தைப் பிரித்தாயா, இல்லை அடுப்பில் போட்டாயா? உன் குணம் எனக்குத் தெரியாதா! வீம்புக்காக அந்தப் படங்களைப் பலி கொடுக்காதே. 23ஆம் தேதி புறப்பட்டு வருகிறேன். பனிப்புயல் அடித்தாலும் வருவேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீடெல்லாம் பார்க்கட்டும்.

லவான்

&nbsp;

ஃபெர்கஸ் ஃபால்ஸ்
18 டிசம்பர் 2024

அன்புள்ள லவானுக்கு,

உன் முதல் கடிதம் பிரிக்காமல் எட்டு நாள் ரொட்டிப் பெட்டிமேல் கிடந்தது. நேற்றுதான் பிரித்தேன். சமாதானமாகி இல்லை. உன்மேல் கோபப்பட இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். நிறையக் கிடைத்தது. ஜூன் மாதத்தைப் பற்றி நீ எழுதியதை மட்டும் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. உன்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ யாரென்றே தெரியவில்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். நானூற்று மூன்றும் வந்துவிட்டது. சமையலறையில் நின்றபடி ஓ என்று கத்தினேன். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எடுத்ததோடு சரி, அதுவரை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

விரல் தூக்கியது முப்பத்தெட்டு, லவான். இரண்டு முறை எண்ணிவிட்டேன். தினமும் தூக்கினார் என்று உனக்கு எழுதினேனே, எனக்கே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். கடைசியாகத் தூக்கியது மார்ச் பதினொன்று. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஐந்து மாதம் அவர் பார்த்தது என்னை இல்லை. தினமும் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நிற்கிற யாரோ ஒரு பொம்பளையை. ஒருநாள் படத்தில் பயந்துபோய்ப் பார்க்கிறார். நானோ "பாத்தியா, தூக்கிட்டார்" என்று சொல்லிக்கொண்டு காபி ஊற்றியிருக்கிறேன்.

யந்திரத்தைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். இப்போது செத்த மனுஷன்மேல் கோபம் வருகிறது. நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தவளை மறக்க எப்படி மனசு வந்தது? அவர் என்ன செய்வார் என்று உடனே தோன்றுகிறது. அப்போதும் கோபம் போகவில்லை.

நீ 23ஆம் தேதியே வா. நெடுஞ்சாலையில் பனியைத் தள்ளிவிட்டார்கள், ஆனாலும் மெதுவாக ஓட்டு. மார்ச் பதினொன்றுக்குப் பிறகு உள்ள படங்கள் எனக்கு வேண்டாம். நேற்று ராத்திரி முழுக்க முயன்று பார்த்தேன், ஒன்றைக்கூட நீக்கக் கை வரவில்லை. நீ வந்து நீக்கு. என்னவென்று தெரியாமலே நானூறைத் தூக்கிப் போட்டவளுக்கு, தெரிந்து நூற்றறுபது ஒரு பெரிய காரியமா?

உன் அக்கா
மார்லிஸ்