உறங்கும் நாயும் அக்காவின் சாறியும்

12 யூலை 1994, செவ்வாய்

இந்தப் பாலைவனச் சிற்றூரில் வீதி ஒன்று, கடை இரண்டு, அவசரம் பூச்சியம். சித்தப்பாதான் இங்கே ஒரே டொக்டர். அவரைப் பார்க்கத்தான் சிட்னியிலிருந்து வந்தோம்.

காலையில் அப்பா கமராவைத் தந்தார். "பிலிமில மிச்சம் மூண்டு படம்தான். மூண்டும் அக்காவுக்கு. கனடா மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்போணும். விளங்குதோ?"

"ஓம் அப்பா."

மத்தியானம் சும்மா நடந்தேன். நடு வீதியில் ஒரு நாய் உறங்கியது. லொறி ஒன்று அதை எழுப்பாமல் வளைந்து போனது. கொடியில் ஒரேயொரு நீலச் சட்டை கனவில் போல ஆடியது. பூட்டிய கடை வாசலில் ஒரு கதிரை, அதில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. நாய், சட்டை, கதிரை என்று மூன்று படமும் எடுத்து முடிந்தது. எங்கள் வீட்டில் ஆள் நிற்காத படம் வீணாய்ப்போன படம்.

பின்னேரம் அக்கா சாறியோடு செம்மண் மேட்டில் நின்றாள். நான் கமராவைக் கண்ணில் வைத்து, வாயாலேயே மூன்று தரம் 'க்ளிக்' என்றேன். அப்பாவுக்குத் திருப்தி.

அக்கா கிட்ட வந்தாள். "எடி கள்ளி! உன்ரை வாயோ படம் எடுக்குது?"

"பாலைவனத்தில கள்ளி முளைக்கும்தானே. அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

"நான் ஏன் சொல்லுறன்? இன்னும் நாலு எடு!" என்று சிரித்தாள். மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அதை எடுக்கத்தான் பிலிம் இல்லை.

படம் கழுவும் நாளில் அப்பா என்னையும் சேர்த்துக் கழுவுவார். அதற்குள் அவள் இந்த மாப்பிள்ளை வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிட்டால்...

டோர்ச்சை அணைக்கப் போகிறேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து, போர்வைக்குள்ளால், மெதுவாக ஒரு 'க்ளிக்'.