பூஜ்யத்தைத் தொடாத கோடு

ஆகஸ்ட் 6
ஊசல் சோதனை. பிள்ளைகளின் போன்களை வாங்கி வாசல் மேசையில் வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து ஸ்டாப்வாட்ச் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று தொலைந்தாலும் என் தலையில்தான் விடியும்.

எல்லோருக்கும் புவியீர்ப்பு 9.8. நூல் அறுந்து குண்டு காலில் விழுந்தவனுக்கும் 9.8! விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ப அளவுகளைப் பின்னாலிருந்து போடுகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒருத்திக்கு மட்டும் 9.5. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வகுப்பில் அவள் பெயரே 'ஏன் மேடம்'.

“எங்க தப்பு பண்ணேன் மேடம்?”

“நீயே கண்டுபிடி.”

ஆகஸ்ட் 9
'ஏன் மேடம்' சாப்பிடக்கூடப் போகவில்லை. பல நீளங்களுக்கு ஊசலை ஆட்டி வரைபடம் போட்டாள். கோடு பூஜ்யத்தில் முட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றது. அதையே முறைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்: “நூலை மட்டும் அளந்துட்டேன் மேடம்! குண்டுல பாதியை விட்டுட்டேன்!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுக்குத்தானே ஆய்வகம்? பழைய விடையை அடிக்காதே, கீழே காரணத்தை எழுது என்றேன். எழுதினாள்.

ஆகஸ்ட் 20
வரும் விடைக்கு இல்லாமல் யோசிக்கும் விதத்துக்கு மதிப்பெண் தரலாமா என்று துறைத்தலைவரைக் கேட்டேன். “பாக்கலாம்” என்றார். பார்க்கமாட்டார்.

நவம்பர் 14
செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய ரெக்கார்டைப் புரட்டினார்.

“விடையே தப்பு. இதுல விளக்கம் வேறயா?”

“அந்தத் தப்பை அவளே கண்டுபிடிச்சா சார். அதுதான்...”

“மத்த எல்லாருக்கும் சரியா வந்திருக்கே?”

துறைத்தலைவர் என் முழங்கையைத் தட்டினார். பேசாமல் இரு என்று அர்த்தம். இருந்தேன். வேற என்ன பண்ணியிருக்கணும் நான்? சண்டை போட்டா மார்க் வந்திருக்குமா?

டிசம்பர் 3
செய்முறையில் தேறாதது அவள் ஒருத்திதான். அவளைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த விடையை அடிக்காதேன்னு சொன்னவளே நான்தானே. எந்த வாயால ஆறுதல் சொல்றது?

ஜனவரி 8
மறுதேர்வுக்கு முன் அவள் ஊசல் சோதனையைத் திரும்பச் செய்து காட்டவேண்டும். நான் உள்ளே போகும்போதே முடித்து வைத்திருந்தாள். அழகான வரைபடம். எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேல், கோடு பூஜ்யத்தின் மேல். 9.8.

“ஏதாவது கேக்கணுமா?” என்றேன்.

“இல்ல மேடம்.”

பேனாவைத் திறந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் அலமாரியை நான் இன்னும் திறக்கவேயில்லை. அவள் போன் வாசல் மேசையில் கிடந்தது.

அவளும் அலமாரியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

கையெழுத்துப் போட்டேன்.