இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். கெமிஸ்ட்ரி டெஸ்ட்டில் முப்பத்தொன்று. கையெழுத்து வேண்டும். அம்மாவிடம்தான் வாங்க முடியும். அப்பாவிடம் இப்போது எதையும் நீட்ட முடியாது.

இரண்டு பேரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். ஒரே அறை. காம்பவுண்டு லைட் ஜன்னல் வழியாக இந்தப் பக்கத்தில் மட்டும் விழுகிறது. அம்மா புரண்டால் நிறுத்திவிட வேண்டும்.

அப்பா வீட்டில் இருக்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல். பனியன் கம்பெனியில் கடைசி செக்கிங் அவர்தான். அவர் மேசையைத் தாண்டினால்தான் எதுவும் பெட்டிக்குப் போகும். மேசையின் வலது ஓரத்தில் ஒரு கவுண்டிங் மிஷின், இடது ஓரத்தில் ஒன்று. மேலே பொத்தான், கண்ணாடிக்குள் எண்கள், பக்கத்தில் திருகு. நல்ல பீஸ் என்றால் வலதில் ஒரு தட்டு. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்றால் இடதில் ஒரு தட்டு. கண் துணியை விட்டு நகராது. சாயங்காலம் இரண்டு எண்ணையும் சூப்பர்வைசரிடம் வாய்விட்டுப் படிப்பார். அப்புறம்தான் திருகிப் பூஜ்யமாக்குவார். எங்கள் வீட்டில் அவற்றுக்குப் பெயர் டிக்டிக்.

கொஞ்ச நாளாகக் கணக்கு இடித்ததாம். தையலிலிருந்து மேசைக்கு வந்ததைவிட, அப்பா படித்த இரண்டையும் கூட்டினால் குறைவு. தினமும் சில பீஸ். ஒதுக்கிய பனியன்கள் எடைக்குப் போகும், யாரும் மறுபடி எண்ணுவதில்லை. அந்தக் குவியலில் இருந்துதான் யாரோ எடுக்கிறார்கள் என்றார்கள். ஒருநாள் கேட்டில் அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கொட்டினார்கள். தூக்குச்சட்டியும் ஜெபப் புத்தகமும்தான் விழுந்தன. அவர் உள்ளே போய் இரண்டு மிஷினையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவை அவருடைய சொந்தம். வேலைக்குச் சேர்ந்த வருடம் பழைய இரும்புக் கடையில் ஜோடியாக வாங்கியது.

இன்று இன்டர்வெல்லில் திவ்யா. அவள் அம்மாவும் அதே கம்பெனி.

"உங்கப்பா பையில எத்தன பனியன் இருந்துச்சுடி?"

"ஒண்ணும் இல்ல."

"அட, சும்மாதான கேக்கறேன். அளவு சரியா இருந்தா எங்கப்பாவுக்கும் ரெண்டு வாங்கலாம்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். ரெக்கார்டு நோட்டில் இரண்டு படம் பாக்கி.

அம்மா வீட்டுக்குப் பண்டல் எடுத்து வந்து பிசிறு வெட்டுகிறாள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவது. ஒரு பண்டலுக்கு ஐம்பது பனியன். இப்போது வீட்டில் இருக்கும் வேலை அது ஒன்றுதான். அப்பா ஒரு பலகையில் இரண்டு டிக்டிக்கையும் பொருத்தி மடியில் வைத்திருக்கிறார். அம்மா வெட்டி முடித்ததை எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, வலது அல்லது இடது. கடைசியில் இரண்டையும் கூட்டுவார். நாற்பத்தெட்டு. முதலில் இருந்து மறுபடி. நாற்பத்தொன்பது. மறுபடி. நாற்பத்தேழு.

அம்மா கையால் எண்ணிக் காட்டினாள். ஐம்பது.

"பாத்தியளா? சரியாத்தான் இருக்கு. விடுங்க."

"அப்போ எனக்குத்தான் தப்புது."

"மிஷின்ல ஏதும்..."

"மிஷின் தப்பாது, எஸ்தரு. மனுசன்தான் தப்புவான். கம்பெனியிலயும் இப்படித்தான் தப்பியிருக்கேன். எனக்கு மூள கலங்கிட்டு."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பண்டல் நேரத்துக்குப் போகவில்லை. வாங்க வந்தவர் வாசலில் நின்று, "இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா வேற ஊட்டுக்குத்தானுங்க குடுக்கோணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து: "ஏனுங்க, உங்கூட்டுக்காரரு பொழுதுக்கும் என்னத்தைங்க தட்டறாரு? பல்லி கத்தறாப்பல இருக்குது. நல்ல சேதி வருமாக்கும்னு நானும் பாத்துட்டே இருக்கறனுங்க."

அம்மா சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதாள். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் என்னை இழுத்து, "இத வித்துருவோம்ட்டி. இது இருக்கது வரைக்கும் அந்த மனுசன் தெளியமாட்டாவ. போன்ல விக்கலாம்னியே, போடு" என்றாள்.

நவம்பர் 8, சனி

அப்பா குளிக்கப் போன நேரத்தில் போட்டோ. வலது, இடது, இரண்டும் சேர்ந்து. அவசரத்தில் முதல் இரண்டும் கலங்கல். "பழைய இரும்பு கவுண்டிங் மிஷின், ஜோடி, ஓடும் நிலையில்" என்று போட்டேன். மத்தியானத்துக்குள் ஒருவர் கேட்டுவிட்டார். பல்லடம் ரோட்டில் கடை வைத்திருக்கிறாராம். பழைய கடிகாரம், ரேடியோ, தராசு சேர்ப்பவர். நாளைக்கே வருகிறேன் என்றார்.

எனக்குப் பயமாக இருப்பவை:
- அப்பா பார்த்துவிட்டால்.
- வாங்க வருபவர் வீட்டு அட்ரஸ் கேட்டால். (பேக்கரி வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.)
- டிக்டிக் போன பிறகும் அப்பா இப்படியே இருந்தால்.
- பொதுத் தேர்வுக்கு முன்னால் அம்மா என்னையும் வேலைக்கு வா என்று சொல்லிவிட்டால். இன்னும் சொல்லவில்லை. பார்வையில் இருக்கிறது.

பிசிக்ஸ் படிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா கோயிலுக்கு வரவில்லை. கம்பெனிக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் வருவார்கள். அவர் தூங்கும்போதே அம்மா பலகையிலிருந்து இரண்டையும் கழற்றி, பைபிள் பையில் போட்டுக்கொண்டாள். பூசை முழுக்க அந்தப் பை என் மடியில். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

பேக்கரி வாசல். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். வேண்டாம் என்றேன். வந்துவிட்டது.

அவர் வலது மிஷினை எடுத்துத் தடதடவென்று தட்டினார். எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். இடதை எடுத்துத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

"ஏங்கண்ணு, இது உட்டு உட்டு ஓடுதே?"

"என்னதுங்க?"

"மெதுவா அமுக்குனா சரியா வருது. வெரசா அமுக்குனா நடுவால ஒண்ணு ரெண்டை முழுங்கிப்போடுது. உள்ளார பல்லு தேஞ்சிருக்கும். இது இன்னைக்கு நேத்துத் தேஞ்சதில்லீங்க."

அம்மா முகம் விழுந்துவிட்டது. விலையைக் குறைப்பார் என்று.

"அதனால ஒண்ணுமில்லீங்க. கண்ணாடி அலமாரியில வெக்கறதுக்கு எதுக்குங்க ஓடோணும்? ஜோடியா இருக்குது, அது போதுமுங்க."

சொன்ன விலையையே கொடுத்தார். அம்மா எண்ணாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் பாய், தலையணை, அரிசி டப்பா, எல்லாம் தரையில். அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, அத எங்கன வச்சேன்னு தெரியல. ராத்திரி பலகையிலதான் இருந்துச்சு. நான்தான் கழத்தியிருக்கணும். கழத்துனதும் நெனவில்ல, வச்ச எடமும் நெனவில்ல." என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனி உங்க பேரும் மறந்துரும் போல."

அம்மா குனிந்து அரிசியை அள்ளினாள். நானும் அள்ளினேன்.

நவம்பர் 10, திங்கள்

மழை. கிளாஸில் இருக்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது. போர்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

இடதுதான் விழுங்கியது. அப்பா வேகமாகத் தட்டுபவர். ஒதுக்கியது எல்லாம் குவியலில் இருந்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. எண்தான் குறைந்தது. வீட்டிலும் அப்படித்தான். மூளை கலங்கவில்லை. வலதையும் இடதையும் ஒரு நாளாவது மாற்றி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் செக்கிங்கில் யாரும் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் கை குழம்பி, நல்லதும் கெட்டதும் கலந்துவிடும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஸ்கூல் விட்டதும் அம்மா போனிலிருந்து வாங்கியவரைக் கூப்பிட்டேன். அந்த இடது மிஷின் விட்டு விட்டு ஓடுவதை ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அதையா கண்ணு? நேத்தே பிரிச்சுப்போட்டனே. வேறொண்ணுலருந்து பல்லு எடுத்து மாத்தி எண்ணெ போட்டேன். இப்ப ஜம்முனு ஓடுது. ஏங்கண்ணு?"

சும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கத்தரியை வெறும் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தாள். "இப்ப சொன்னா நாம எடுத்து வித்ததையும் சொல்லணும். அந்த மனுசன் ஏற்கெனவே ஒடஞ்சு கெடக்காவ. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

அப்பா இன்று சாப்பிடவில்லை. அம்மாவிடம் மெதுவாக, எனக்குக் கேட்காது என்று நினைத்து: "நான் ஊருக்குப் போயிருதேன். இங்க இருந்தா உங்களுக்கும் பாரம். புள்ள படிக்கட்டும்." ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை. வீடும் இல்லை. எங்கே போவார்?

நவம்பர் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஸ்கூல் பையைக் கூடக் கழற்றவில்லை. கதவுப் பக்கம் நின்று, ஓட வேண்டியிருந்தால் ஓடலாம் என்று நின்று சொன்னேன். விற்றது, பேக்கரி, அவர் தட்டியது, பல் தேய்ந்தது, அவர் சரி பண்ணிவிட்டது, எல்லாம்.

அப்பா கேட்டுவிட்டு என் தலையில் கை வைத்தார். "எனக்காகச் சொல்லுத. தெரியும் யம்மா."

"இல்லப்பா. நெசம்."

"சரி, நெசம்."

நம்பவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அந்தச் "சரி". அம்மா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பிறகு அவளே கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நெசந்தான். நாந்தான் கழத்துனேன், நாந்தான் வித்தேன். அந்த ஆளு சொன்னத நானும் கேட்டேன். விட்டு விட்டு ஓடுதுன்னுதான் சொன்னாவ. நீங்க ஒண்ணும் மறக்கல."

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மூச்சு பெரிதாக வந்தது. "அப்போ நான் எண்ணுனது சரிதான்" என்றார். இரண்டு தடவை. முகம் பழைய முகமாக ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

கொஞ்ச நேரம்தான். பிறகு அந்த முகம் போய்விட்டது.

"இன்னைக்கு நேத்துத் தேஞ்சதில்லன்னா சொன்னான்?"

"ஆமாப்பா."

"எஸ்தரு. அப்போ பேச்சியம்மா?"

அம்மா, "அது எதுக்கு இப்ப?" என்றாள்.

யாரென்று எனக்குத் தெரியாது. அப்பாதான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மேசையில் ஒதுக்கிய பீஸைக் குவியலுக்குத் தூக்கிப் போகும் ஹெல்பர். அப்போதும் கணக்கு இடித்தது. அப்பா படித்த எண்ணை வைத்துத்தான் அவளைக் கேட்டில் நிறுத்திப் பையைக் கொட்டி, வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் எப்போதாவது ஒன்றிரண்டு குறையுமாம், யாரும் பெரிதாக எடுக்கவில்லையாம். எண் சரிதானா என்று அன்று மேனேஜர் கேட்டதற்கு, மிஷின் தப்பாது என்று சொன்னது அப்பா.

நவம்பர் 12, புதன்

ஸ்கூல் போகவில்லை. அப்பா, "நீயும் வா. கேட்டவ நீதான். நான் சொன்னா அவ நம்பமாட்டா" என்றார்.

பேச்சியம்மாள் இப்போது வேலை செய்யும் இடத்துக்குக் காங்கேயம் பஸ். கூட்டம். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ, பிறகு நடை. தேங்காய் உலர்த்தும் களம். தரை முழுக்க உடைத்த தேங்காய், மேகத்தைப் பார்த்து எல்லாரும் அவசரமாகத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் அம்மா வயதுதான், தலையில் துண்டு கட்டியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சியா? என்ன இந்தப் பக்கம்?"

அப்பா சொன்னார். நடுவில் வார்த்தை வராதபோது நான் சொன்னேன். அவள் தார்ப்பாயின் முனையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்போ நான் எடுக்கலன்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரியுது."

"ஆமா, தாயி."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

அப்பா தலையைக் குனிந்தார்.

"என் பையக் கொட்டுனப்போ பக்கத்துலதான நின்னிய? மிஷினு பழுது, சரி. கண்ணுமா பழுது? எட்டு வருசம் ஒங்க மேசையில நின்னவ. எடுப்பாளா மாட்டாளான்னு ஒங்களுக்குத் தெரியாது?"

களத்துக்காரர் அந்தப் பக்கமிருந்து, "பேச்சீ, மழை வருது பாரு, பேச்சு அப்பறம்" என்று கத்தினார். அவள் தார்ப்பாயை இழுத்தாள். அப்பாவும் மறு முனையைப் பிடித்து இழுத்தார். நானும். மூடி முடித்ததும் அவள் கையைப் புடவையில் துடைத்தாள்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன அண்ணாச்சி? அங்க வந்து சொல்லுங்க. அதே கேட்டுல. ஷிப்ட் விடுத நேரத்துல. எல்லாரும் நிக்கும்போது."

"கையில ஒண்ணும் இல்லியே தாயி. மிஷினும் போச்சு. நம்பமாட்டானுவ. என்னையும் கள்ளன்னுதான..."

"எங்கையிலயும் அன்னைக்கு ஒண்ணும் இல்ல."

அப்பா சரி என்றார். நாளைக் காலை, நைட் ஷிப்ட் விட்டு காலை ஷிப்ட் ஏறும் நேரம். அவளும் முதல் பஸ்ஸுக்கு வருகிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்பு. அந்தக் கேட்டில் திவ்யாவின் அம்மாவும் நிற்பாள்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார். துவைத்தேன். வெளியே மழை, உள்ளே ஃபேனுக்கு அடியில் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். இப்போது தொட்டுப் பார்த்தேன். காலர் இன்னும் சொட்டுகிறது. அப்பா தூங்கவில்லை, அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அம்மா புரள்கிறாள்.