மார்வாவின் முதல் கட்டம்

ஜூன் 11, 2019, செவ்வாய்

காலையில் அவலைக் கிளறிக்கொண்டிருந்தபோது தின்கர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். 1983இல் பம்பாயில் வெளிவந்து யாரும் சீண்டாத ஓர் இசைத்தட்டு மறுபடி வரப்போகிறதாம். இந்துஸ்தானி ராகங்களை மெஷின்களில் ஓட்டிய நடன இசை. ஐரோப்பாவில் இளசுகள் அதற்கு ஆடுகிறார்களாம். தனி ஆளாக உருவாக்கியவர் வசுதேவ் அச்ரேக்கர் என்று போட்டிருந்தது.

தனி ஆளாக!

மேலே போகிற மெட்டை அவர் கையால் வாசித்தார். அடியில் ஓடும் தாளமும், பாஸ் என்கிற கனத்த கீழ்ச்சுரமும்? ஒவ்வொரு சுரமாக மெஷினில் ஏற்றியது நான். எட்டு ராகம், இருபத்தாறு நாள்.

அவல் அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 12

தின்கரிடம் சொல்லிவிட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறை. "உங்கிட்ட இவ்ளோ பெரிய ரகசியம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பயந்து நடந்திருப்பேனே" என்றார். பிறகு, நேரில் போய்க் கேள் என்றார்.

ஜூன் 15, சனி

பார்லா பகுதியில் அச்ரேக்கர் வீடு. எண்பதைத் தாண்டிவிட்டார். டீ வரும்வரைகூடப் பொறுக்காமல், என் பெயர் எங்கே என்று கேட்டுவிட்டேன்.

"நீதானே, குமுத், பேர் வேண்டாம்னு சொன்ன? கல்யாணம் நிச்சயமாயிருக்கு, டிஸ்கோவுக்கு வாசிச்சவள்னு தெரிஞ்சா புகுந்த வீட்ல பேசுவாங்கன்னு நீதானே அழுத?"

உண்மை. எப்படி மறந்தேன்? மறக்கத்தான் செய்தேனா, இல்லை அவர்மேல் பழி போடுவது சுலபமாக இருந்ததா?

இப்போது போடுங்கள் என்றேன். பேட்டியெல்லாம் கொடுத்தாயிற்று, இனி மாற்றிச் சொன்னால் ஊர் என்னைப் பொய்யன் என்னும் என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

ஜூன் 16

என் பெயரை அழித்தவள் நான். எழுத வேண்டியவளும் நான்தான்.

ஜூன் 24

தட்டை மறுபடி வெளியிடுகிற ஃபிரோஜாவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். பார்சிப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். "ஆன்ட்டி, உங்க பேரு ஒரு காகிதத்துலயும் இல்லையே. நான் என்னன்னு நம்பறது?"

காகிதம் வேண்டாம், அந்த பாஸ் மெஷினைக் கொடு, ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். தன் ஸ்டூடியோவில் ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமைகளில் வரச் சொன்னாள்.

ஜூலை 6

விரல்களுக்கு ஒன்றுமே நினைவில்லை. வெட்கக்கேடு. பொத்தான்மேல் இருக்கும் எழுத்துகூடத் தெரியவில்லை.

ஜூலை 13

புதுக் கண்ணாடி. பைரவ் ராகம் பாதி வந்தது. மீதி அபசுரம். தின்கர், போதும் விடு என்றார். விடமாட்டேன்.

ஜூலை 27

மார்வா ராகம் வந்துவிட்டது!

ஆகஸ்ட் 10

ஃபிரோஜா எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தாள். மார்வாவின் பாஸை ஏற்றிக் காட்டும்படி முதலில் அச்ரேக்கரைக் கேட்டாள். மெஷினில் ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சுரம். அவர் முதல் கட்டத்தில் ஸா வைத்தார். யாரும் அப்படித்தான் வைப்பார்கள் — ஆட்டத்துக்கு அங்கேதான் அடி விழ வேண்டும். ஓடவிட்டார். தட்டில் இருப்பது அதில்லை. அவருக்கே தெரிந்தது, கை நின்றுவிட்டது.

என் முறை. மார்வாவில் ஸாவுக்கு அவ்வளவு சீக்கிரம் வரக்கூடாது. முதல் கட்டத்தைக் காலியாக விட்டேன். இரண்டாவதில் தணிந்த கோமள ரி, அங்கிருந்து காந்தாரத்துக்கு ஒரு வழுக்கல். ஸா கடைசிக் கட்டத்தில் மட்டும், தொட்டும் தொடாமலும். இருபத்து மூன்று வயதில் மூன்று நாள் அழுது கண்டுபிடித்தது.

ஓடியது. ஃபிரோஜாவின் கால் தானாக ஆடியது.

அச்ரேக்கர் நாற்காலியை ஃபிரோஜா பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "எழுதிக்கோம்மா. கீழ இருக்கறது பூரா இவ வேலை. நான் மேல சும்மா நடந்து போனேன்" என்றார்.

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 18

தட்டின் அட்டையில் என்ன பெயர் போடுவது என்று ஃபிரோஜா போனில் கேட்டாள். குமுத் சப்னிஸ் என்று தின்கர் அவசரமாக எழுத்துக்கூட்டிச் சொன்னார். போனை வாங்கி, வேண்டாம், குமுத் நாட்கர்ணி என்று போடு என்றேன். அந்த இருபத்தாறு நாளும் எனக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான்.

தின்கர் எழுந்து போய் இரண்டு கோப்பையில் டீ ஊற்றி வந்தார்.