மஞ்சள் வில்லை ஆடுகளுக்கும் வைத்தோம்

அனுப்புநர்:
ரா. பேச்சிச்செல்வி,
க/பெ ராஜபாண்டி,
செயலாளர், வெள்ளாடு வளர்ப்போர் மகளிர் குழு,
தெற்குப் பனைவிளை, புதுக்கோட்டை வழி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
கடலோர வெள்ளாட்டு நல ஆய்வுத் திட்டம்,
தூத்துக்குடி.

பொருள்: தாது உப்புக் கலவை ஆய்வு – எங்கள் ஊரில் எடுத்த முடிவு பிழையானது – கலவை வழங்குவதை நிறுத்திய அறிவிப்பைத் திரும்பப் பெற்று, ஆய்வை மீண்டும் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் எங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி அறிவிப்பில், ‘கலவை கொடுத்த ஆடுகளுக்கும் கொடுக்காத ஆடுகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை, ஆகவே கலவை வழங்குவது நிறுத்தப்படுகிறது’ என்று கண்டுள்ளது. ஐயா, எங்கள் ஊரில் கலவை கொடுக்காத ஆடு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லா ஆட்டுக்கும் கொடுத்தோம். அதைத் தங்களுக்குத் தெரிவிக்கவே இந்த மனு.

1. எங்கள் ஊர் ஆடுகள் உப்பளக் காற்றிலும் உடைமரக் காட்டிலும் மேய்பவை. கிணற்றுத் தண்ணீர் உவர். ஆடுகள் சுவரை நக்கும், மண்ணைத் தின்னும், திரேஸ்புரத்திலிருந்து வேலி கட்ட வாங்கிவந்த பழைய மீன்வலையைக்கூட மென்று விழுங்கும். சினை நிற்காது, நின்றாலும் குட்டிகள் எழுந்து நிற்கத் திராணியில்லாமல் பிறக்கும். இது மண்ணில் சத்துக் குறைவதால் வருவது என்று தங்கள் திட்டத்தின் ஆய்வாளர் டாக்டர் ஜெயபிரியா அவர்கள் வந்து சொல்லும்வரை, கண்ணேறு என்றே நினைத்து மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

2. டாக்டரம்மா தாது உப்புக் கலவையைத் தவிட்டில் கலந்து வைக்கச் சொன்னபோது ஊரே சிரித்தது. ‘தூத்துக்குடிக்காரிக்கே உப்பு விக்க வந்துட்டாவ’ என்று எங்கள் குழுத் தலைவி சங்கரம்மாள் அக்கா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். டாக்டரம்மாவும் சிரித்தார், ஆனால் பையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. சாப்பாட்டு உப்பு வேறு, இந்த மண்ணில் இல்லாத சத்துகளைப் பார்த்துச் சேர்த்த கலவை வேறு என்று பொறுமையாக விளக்கினார். சம்மதித்தோம்.

3. ஒவ்வொரு வீட்டுப் பட்டியிலும் பாதி ஆடுகளுக்கு நீல நிறத்திலும் மீதிக்கு மஞ்சள் நிறத்திலும் காதுவில்லை போட்டார்கள். நீலத்துக்குத் தவிட்டுடன் கலவை, மஞ்சளுக்கு வெறும் தவிடு. வைக்கும் நேரத்தில் மஞ்சளைத் தனியே கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எதற்காக இந்தப் பிரிவினை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எல்லா ஆட்டுக்கும் தரக் கலவை போதாதுபோல என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம்.

4. முதல் நாளே தகராறு. நீலம் தின்னும்போது கட்டிக்கிடந்த மஞ்சள் போட்ட கத்தல் புதுக்கோட்டை விலக்கு ரோடுவரை கேட்டிருக்கும். ஆட்டுக்கு மோப்பம் உண்டு, தன் தவிட்டில் ஏதோ குறைகிறது என்று அதற்குத் தெரியும். சங்கரம்மாள் அக்கா இடுப்பில் கைவைத்து நின்று, ‘ஏளா செல்வி, ஒரே பட்டியில நிக்க உருப்படியில ஒண்ணுக்கு வச்சிட்டு இன்னொண்ண வாயப் பாக்க விடவா? இது பந்தி வஞ்சனைல்லா! எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்’ என்றார். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் ஒருத்தர் இலைக்கு வடை வைத்து அடுத்தவர் இலையைத் தாண்டிப் போனால், அந்த வீட்டை எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். அதையே ஆட்டுக்குச் செய்ய எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. வந்த கலவையைப் பாதி பாதியாகப் பிரித்து, நீலம் மஞ்சள் பாராமல் எல்லாவற்றுக்கும் வைத்தோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அடுத்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தபோதுதான், எல்லா வீட்டிலும் அதையே செய்வது தெரிந்தது. இதை மன்னிப்புக் கடிதமாகத் தாங்கள் படிக்க வேண்டாம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

5. அப்படியானால் ஏன் மறைத்தீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். மறைக்கவில்லை. பட்டிகளைப் பார்வையிட வந்த திட்டப் பணியாளர் நேசக்குமார், ‘நீலத்துக்குத் தவறாம வச்சீங்களா?’ என்று மட்டும்தான் ஒவ்வொரு முறையும் கேட்டார். வைத்தோம் என்றோம். அது உண்மை. மஞ்சளுக்கும் வைத்தீர்களா என்று அந்தத் தம்பி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகவே சொல்லியிருப்போம், ஏனென்றால் நல்ல காரியம் செய்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தோம்!

6. அறிவிப்பைப் படித்த அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் வந்தார். ரேஷன் கடைப் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், சற்று நேரத்தில் தாமாகவே சிரித்துவிட்டார். ‘பந்தின்னா சமமாத்தானே பரிமாறுவீங்க. ஏன் பிரிக்கிறோம்னு நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்க்கா’ என்றார். அவர் சொன்ன காரணம் இது: இரண்டு நிறமும் ஒன்றுபோல் தேறினால், தேற்றியது கலவையா மழையா என்று யாராலும் சொல்ல முடியாது. கலவை கிடைக்காத ஆடு பக்கத்தில் நின்றால்தான் கிடைத்த ஆடு தேறியது தெரியும். எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆய்வு பாழானதற்கு அவர்மீது பழி விழுமோ என்று எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பெண் எங்கள் ஆட்டுப் புழுக்கையைக் கையால் எடுத்துப் பார்த்தவர். அவர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

7. கலவைதான் எங்கள் ஆடுகளைக் காப்பாற்றியது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சென்ற பருவத்தில் குட்டிகள் நின்றன, துள்ளின, சுவர் நக்குவது குறைந்தது. மழையும் நன்றாகப் பெய்தது. எது காரணம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தங்கள் அலுவலகத்துக்கும் தெரியாது, ஐயா. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிச் சுவரில் ஒட்டி, அதைக் காட்டிக் கலவையை நிறுத்துவது சரியல்ல என்பதே எங்கள் வாதம். இந்தக் கலவை கடையில் கிடைப்பதில்லை. கார்த்திகையில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கும். இப்போது விட்டால் இன்னொரு பருவம் கைவிட்டுப் போகும்.

8. ஆகவே அறிவிப்பைத் திரும்பப் பெற்று, ஆய்வை இந்தப் பருவத்திலேயே, டாக்டர் ஜெயபிரியா அவர்களைக் கொண்டே மீண்டும் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். இம்முறை ஒரு பட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டாம், வீடு வீடாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அவரும் நாங்களும் சேர்ந்து பேசி முடிவு செய்துள்ளோம். எங்கள் தரப்பில் இரண்டு நிபந்தனைகள் மட்டும். எந்தப் பக்கத்து ஆடு நோயில் விழுந்தாலும், ஆய்வைக் காரணம் காட்டாமல் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். கலவையால் பயன் உண்டு என்று தெரிந்தால், வெறும் தவிட்டுப் பக்கம் நின்ற வீடுகளுக்கே அதை முதலில் தர வேண்டும்.

9. வெறும் தவிட்டுப் பக்கம் யார் நிற்பது என்று குழுவில் கேட்டபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். சங்கரம்மாள் அக்கா, ‘ஊரு ஆட்டுக்கு நல்லது பாக்க என் ஆடுதான் கெடைச்சுதா?’ என்று எழுந்தே போய்விட்டார். நான் நிற்கிறேன் என்றேன். டாக்டரம்மா அதையும் ஏற்கவில்லை. விரும்பியவர்கள் விரும்பிய பக்கம் நின்றால் கணக்குத் தப்பிவிடுமாம், யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டுமாம். கோயில் கொடை விழாவில் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவெடுத்துப் பழகிய ஊர் இது. சீட்டில் விழுந்ததை மீறும் வழக்கம் இங்கே இல்லை. அதைக் கேட்டதும் போன அக்காவும் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். எல்லாருடைய கையெழுத்துகளும் மனுவின் பின்பக்கத்தில் உள்ளன.

10. கடைசியாக ஒன்று. என்னிடம் செங்கன்னி இனத்து ஆடு ஒன்று இருக்கிறது. இரண்டு ஈற்றுக் குட்டிகளைப் பறிகொடுத்தது. சென்ற ஈற்றில்தான் முதல்முறையாக ஒரு குட்டியை நக்கிக் கொடுத்து, பால் கொடுத்து, வளர்த்து ஆளாக்கியது. இப்போது மறுபடியும் சினையாக இருக்கிறது. சீட்டில் என் வீட்டுக்கு எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியாது. வெறும் தவிடு என்று விழுந்தால், வெறும் தவிட்டைத்தான் வைப்பேன். அது தவிட்டை முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும். ஆனாலும் ஒரு சிட்டிகைகூடக் கூடுதலாகப் போட மாட்டேன். நேசக்குமார் தம்பி எந்த நேரத்திலும் சொல்லாமல் வந்து பார்க்கலாம். நான் இவ்வளவு செய்யத் தயாராக இருக்கிறேன், ஐயா. தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

நாள்: 18.08.2025
இடம்: தெற்குப் பனைவிளை

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ரா. பேச்சிச்செல்வி