பத்துச் சுருட்டும் ஒரு மூக்கும்

மே 4, ஞாயிறு

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், பாளையங்கோட்டையில் பதினோராம் வகுப்பு முடித்து சும்மா இருந்த ஜெய்சனின் மூக்கு, இன்று ஆராதனைக்குப் பின்பும் பிரியாணிக்கு முன்பும், வேலையில் சேர்ந்துவிட்டது. சம்பளம் கிடையாது. புகழ் உண்டு.

வேலை கொடுத்தவர் கிங்ஸ்லி சித்தப்பா. பதினோரு வருஷம் சொகுசுக் கப்பலில் பணக்காரர்களுக்குச் சுருட்டு தேர்ந்து கொடுத்தவர். இப்போது எங்கள் வீட்டு மாடியில் இருந்துகொண்டு யூடியூபில் விலை உயர்ந்த சுருட்டுகளை மதிப்பிடுகிறார். ஒரே சிக்கல்: கொரோனாவில் போன வாசனை அவருக்கு இன்னும் திரும்பவில்லை. யாருக்கும் தெரியாது.

"லே, பத்து சுருட்டு. நீ மோந்து பாத்து எழுதிக் குடு. பத்தவைக்கும்போது மட்டும் கீழ போயிரு, உங்கப்பன் என்னைய உரிச்சிருவான். பத்தாவது வீடியோல எழுதினது ஜெய்சன்னு உன் பேரைச் சொல்லுதேன்."

அப்பா சர்ச்சில் சேகரக் கமிட்டி உறுப்பினர். உரிப்பார்.

மே 7, புதன்

முதல் சுருட்டு, நிகரகுவா நாட்டுச் சரக்கு. சித்தப்பா காதருகே வைத்து விரலால் பைய உருட்டினார். நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டதாம். பிறகு என்னிடம் தந்தார். கலைஞனுக்குத் தனிமை வேண்டும் என்று சொல்லி, பற்றவைக்காத சுருட்டைக் கீழே எடுத்துப் போனேன். அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன்:

‘மழைக்காலத்தில் திறந்த பாட்டுப்புத்தக அலமாரி. உள்ளே யாரோ மறந்து வைத்த உடன்குடிக் கருப்பட்டி.’

சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டார். "கப்பல்ல ஒருத்தன்கூட இப்பிடிச் சொன்னதில்லலே!"

மே 13, செவ்வாய்

ஐந்து வீடியோ ஆயிற்று. பார்க்கிறவர்கள் உருகுகிறார்கள். கூடப் படிக்கும் அனஸிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னேன். லட்சத்தில் ஒரு மூக்கு என்றேன்.

"ஏலே, எங்க வீட்டுல கேஸ் கசிஞ்சப்ப ரோஸ்மில்க் வாசம் வருதுன்னு சொன்ன மூக்குதான இது?"

மேதைகளோடு படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

மே 14, புதன்

தங்கச்சி பெர்சிஸ் தனக்கும் வீடியோவைக் காட்டச் சொல்கிறாள். எட்டாவது படிக்கிறவளுக்குச் சுருட்டு வீடியோ எதற்கு?

மே 21, புதன்

பத்தாவது வீடியோ, நேரலை. அனஸ் வீட்டில் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். முறுக்கெல்லாம் வைத்திருந்தான்.

இந்த வர்ணனை எல்லாம் எப்படி வருகிறது என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா சிரித்தபடி மூக்கைத் தொட்டார். "இது கூடப் பொறந்தது. கப்பல்லயே என் மூக்குக்குத்தான் மரியாதை."

என் பேர் வரவில்லை. நேரலை முடிந்துவிட்டது.

அனஸ் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினான். அதுதான் தாங்க முடியவில்லை.

மே 22, வியாழன்

சித்தப்பாவிடமே கேட்டேன். "சின்னப் பய எழுதினதுன்னா எவன்லே மதிப்பான்? நீயும் நானும் ஒண்ணுதானலே."

ஒண்ணாம்! ஒண்ணுன்னா ஏன் உம்ம பேரு மட்டும் வருது? ராத்திரி பகலா யோசிச்சு எழுதினவன் யாரு? எப்படி மனசு வந்துச்சு இவருக்கு? சொந்தச் சித்தப்பா! வேற யாராவது செஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். இவர்ட்ட என்னத்தப் போட...

சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

மே 25, ஞாயிறு

புதன்கிழமை கொச்சியிலிருந்து ஒரு சுருட்டு வியாபாரி நேரலைக்கு வருகிறார். அவருடைய உயர்ந்த சரக்கு. எழுதிக் கொடு என்றார் சித்தப்பா. சரி என்றேன், பூனை மாதிரி. கேமரா ஓடும்போதுதான் தாளைப் பிரிப்பது அவர் வழக்கம்.

மே 28, புதன்

அவர் வாசித்தார், கணீரென்று. "முதல்ல, ஈரமான காலுறை. அடுத்து, மழை நாள்ல நெரிசலான டவுன் பஸ். கடைசியில, ஃபினா..."

நின்றுவிட்டார். வியாபாரியின் முகம் தொங்கிவிட்டது. நான் மாடிப்படிக்கு அடியில் கைபேசியோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சித்தப்பா சுருட்டைக் கீழே வைத்தார். "எனக்கு நாலு வருசமா வாசனை தெரியாது. பொய் சொல்லிட்டேன். இதுவரைக்கும் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் அண்ணன் மகன் ஜெய்சனோடது. அவன் பேரைச் சொல்லுதேன்னு சொல்லி ஏமாத்தினேன். அதுக்குத்தான் இப்பிடி எழுதிக் குடுத்திருக்கான்."

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மே 29, வியாழன்

அனஸ் வாசலில் நின்று கும்பிட்டான். "அண்ணாச்சி, மூக்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடலாமா?" அப்பா என்னையும் சித்தப்பாவையும் திட்டித் தீர்த்தார். பிறகு அவரே எல்லா வீடியோவையும் பார்த்தாராம்.

பெர்சிஸும் அம்மா கைபேசியில் நேற்றைய வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மே 30, வெள்ளி

நாளைக்கு நான் கேமரா முன்னால் உட்கார்ந்து முகர்ந்து சொல்ல வேண்டுமாம். கொச்சிக்காரர் மறுபடி வருகிறார். சித்தப்பாவுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு வாய்ப்புதான்.

சரி, எழுதிவிடுகிறேன். பத்தையும் நான் முகர்ந்து பார்த்தேன். பத்திலும் புகையிலை வாசம்தான் வந்தது. அலமாரி, கருப்பட்டி எல்லாம் பெர்சிஸ் சொன்னது. கீழே கொண்டுபோய் அவள் மூக்கில்தான் நீட்டினேன். கமா போட்டது நான். காலுறையும் ஃபினாயிலும் மட்டும் என் சொந்தச் சரக்கு.

"ஏட்டி, நாளைக்கு நீயும் மாடிக்கு வாயேன்" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை. "உன் மூக்கை நீயே கூட்டிட்டுப் போ."

சித்தப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். மாடிக்குப் பதினாறு படி. எட்டு வரைக்கும் ஏறினேன். இறங்கி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.