எரியும் குடிசையும் நாற்பது புறாவும்

10 ஜூலை 1979, செவ்வாய்
வெயிலா இது? கடலே வியர்த்திருக்கும். ஷேவிங் பிளேடு வாங்கணும்.

அண்ணன் மகள் ரோஸ்லின் (வயசு எட்டு) அழுதுகொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி, தலைப்பு சமாதானம். பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய நாள்; பழைய சொல்தாக்கள், அதாவது அண்ணன் மாதிரி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அணிவகுப்பு முடிந்து விருந்து சாப்பிடும் ஹாலில் மாட்டுவார்களாம். இவளும் பக்கத்து வீட்டு லிலியும் ஒரே தாளில் வரைந்திருக்கிறார்கள். எரியும் குடிசை. பக்கத்தில் சாட்சாத் என் அண்ணன், அதே கொம்பு மீசை, கையில் தீப்பெட்டி. டிராயிங் மாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு புறா போடச் சொன்னாராம்.

புறாவாம். ரத்தம் கொதிக்குது.

11, புதன்
பள்ளிக்கூடத்தின் மேல் படையெடுத்தேன். கட்டடம் நடுங்கியது, மாஸ்டர் நடுங்கவில்லை. சுவர் பூரா புறா, நாற்பது இருக்கும். புதுச்சேரிக் காக்காயை எல்லாம் வெள்ளையடித்தாலும் இத்தனை தேறாது. "விருந்து நேரத்துல பெரியவங்க மனசு நோகக் கூடாது சார்" என்றார். நோகட்டுமே. நோகாமல் என்னய்யா சமாதானம்? நான் நீட்டிய படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துட்டேன். குடை அங்கேயே.

12, வியாழன்
பல் வலி. கோபம் அதைவிட.

லிலியின் அம்மா சைகோன் பக்கத்துப் பெண். தெருவுக்கே மதாம். சொல்தாவைக் கட்டி இங்கே வந்து, அவரையும் புதைத்தாயிற்று. அவங்க தம்பி செத்தது எங்க ஊர் சொல்தாக்கள் வைத்த தீயில். தெரிந்தே அண்ணன், போன வருஷம் லிலி மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய விருந்தில், ஒயின் உள்ளே போனதும், இந்தோசீனாவில் ஊர் கொளுத்திய கதையை எடுத்தான். வாலில் தீப்பிடித்த பன்னி ஓடியதாம். மேசையே சிரித்தது. மதாம் எழுந்து போனாங்க. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மதில் ஏறிக் குதிப்பது பிள்ளைகள் மட்டும்.

13, வெள்ளி
அண்ணன் நாளைய அணிவகுப்புக்குப் புளி போட்டு மெடல் தேய்த்துக்கொண்டிருந்தான். மெடல் மேலேயே படத்தை வைத்தேன்.

"யார் சொன்னது பிள்ளைங்களுக்கு?"

"நீதான். விருந்துல. அதுங்களும்தான அங்க இருந்துச்சு."

இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ரோஸ்லினிடம் கருப்புக் கலர் கேட்டு வாங்கி, குடிசைக்கு இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டான்.

"இங்க ஒரு கிணறு இருந்துச்சும்மா."

ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொன்ன கதையில் பன்னிதான் இருந்தது. கிணறு எங்கே போச்சு? புளிச் சட்டியை உடைக்கலாம் போல இருந்தது.

14, சனி
கடற்கரையில் பேண்டு சத்தம். அண்ணன் போகவில்லை. மெடல் இல்லாத வெறும் சட்டை, கையில் படம். நான் பின்னால், ராஜதூதன் மாதிரி.

மதாம் கேட்டைத் திறக்காமலே படத்தைப் பார்த்தாங்க.

"இதுல நீங்க எது?"

தீப்பெட்டிக்காரன் மேல் விரல் வைத்தான். "இதான் நான், மதாம்."

"கிணறு?"

"குதிச்சாங்க. ரெண்டு பேர். நான் பார்த்துக்கிட்டுதான் நின்னேன்."

கேட் திறந்தது. அண்ணன் உள்ளே. நானும் கால் வைத்தேன்.

"நீ வராத தம்பி. அன்னிக்கு எங்க மேசையில நீ என்ன பண்ணினேன்னு நினைச்சுப் பாரு."

கேட்டைச் சாத்திட்டாங்க.

பன்னி மாதிரி கத்திக் காட்டியது நான்தான்.